ஒன்பதாவது போதும்

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கே?" என்று பெண் பார்க்க வந்த அன்று தனசேகர் கேட்டார். பரிமளா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பதாவது" என்றாள். அவருடைய அக்காமார் சிரித்தார்கள்.

இப்போது அறுபதைத் தாண்டிய எல்லோரிடமும் கார் அதைக் கேட்கிறது. வயது, படிப்பு இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, நினைவிருக்கிறதா என்பதில் தொடங்கி முப்பது மதிப்பெண்ணுக்குச் சோதித்த பிறகுதான் கிளம்பும். படித்தவர்களுக்குத் தேர்ச்சி மதிப்பெண் அதிகம்; எழுபது வயதானால் கொஞ்சம் குறையும்.

இன்று காலை இருவருக்கும் இருபத்து நான்கு மதிப்பெண். பரிமளா தேறிவிட்டாள். முனைவர் தனசேகர் தேறவில்லை. "இன்று நீங்கள் ஓட்ட வேண்டாம், ஐயா" என்றது கார். பத்து மணிக்குக் கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழா.

"நான் நல்லாத்தான் இருக்கேன். அடுத்த மாசம் எழுபது ஆயிட்டா இதே மார்க்குக்கு விட்டுடும்!"

"அப்ப விழாவை அடுத்த மாசம் வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நான் ஓட்டிட்டு வரேன்."

"நீ கொண்டுவந்து இறக்கினா, நான் ஃபெயிலானது காலேஜுக்கே தெரிஞ்சிடும்."

"அப்ப என் படிப்பையே உங்க படிப்புன்னு சொல்லிப் பாருங்களேன். நான் வேணா காதைப் பொத்திக்கறேன்."

தனசேகர் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் மறுபடியும் படிப்பைக் கேட்டிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பது வெளியே கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னது மட்டும் தெரிந்தது.

கார் உடனே உயிர் பெற்றது. பொன்னாடை வாங்கப் போகிறவர், அவள் பக்கம் திரும்பாமல் ஓட்டிக்கொண்டு போனார்.