பத்து மணிக் காதுகுத்து

போன் அடித்தபோது மணி பன்னிரண்டரை.

பூத்தில் செல்லக்கிளி ஒருத்திதான் இருந்தாள். கடைக்காரர் முகம்மது இப்ராஹிம் ஜும்மாத் தொழுகைக்குப் போகும்போது, "அடிச்சா நீயே எடுத்துப் பேசு தாயி" என்று சொல்லிக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

அடிக்கிற போனை எடுக்க அவளுக்குக் கை எழவில்லை.

காலையில் இந்த மணிச் சத்தம் ஒன்றுக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக் கிடந்தார்கள். அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் ஒரே அண்ணன், மாரிக்கண்ணு. அவன் சவுதியில் எவனோ ஒருத்தனுடைய பேரீச்சந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான். போய் மூன்று வருசம் ஆகிறது. மருமகன் பிறந்தது அதற்குப் பிறகு.

லீவு தரமாட்டேன் என்கிறார்கள், போனிலாவது வந்து இருக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

காதுகுத்த வேண்டிய சாஸ்தா கோயிலில் போன் கிடையாது. அதனால் ஆழ்வார்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பூத் வாசலுக்குக் காதுகுத்து வந்து சேர்ந்தது. வயரை வெளியே இழுத்து, நாற்காலி போட்டு, அதன்மேல் போனை வைத்தார்கள். இப்ராஹிம் ஒன்பது மணியிலிருந்து யாரையும் பேசவிடவில்லை. அவசரம் என்று வந்தவர்களிடம், "ஒரு தாய்மாமன் வந்துக்கிட்டு இருக்காருவே, வழிய மறிக்காதியும்" என்றார்.

"கம்பிக்குள்ளருந்து மடி வருமாக்கும்!" என்று மாமியார் இசக்கியம்மா நாலு பேர் கேட்கச் சிரித்தாள்.

பத்து ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. பத்தரைக்கு ராகுகாலம். ஆசாரி ஊசியைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

கடைசியில் நாத்தனார் புருசன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். பிள்ளை அலறி ஓய்ந்தது. போன் ஊமையாகக் கிடந்தது.

எல்லாரும் பதினோரு மணி பஸ்ஸில் ஏறினார்கள். பிள்ளையை மாமியார் தூக்கிக்கொண்டாள். "நீ இருந்து ஒங்கண்ணனக் கையோட கூட்டிட்டு வா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

பஸ் போன பிறகு இப்ராஹிம் பைய வந்து கேட்டார், அண்ணனுக்கு என்னவென்று எழுதினாய் என்று.

ஒன் கடியாரத்தப் பார்த்து, சரியாப் பத்து மணிக்குப் போடு. அப்படித்தான் எழுதினாள். அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்து, பிறத்தியார் கையை எதிர்பாராமல் அவளே எழுதிய முதல் கடிதம். அங்கே பத்து ஆகும்போது இங்கே பன்னிரண்டரை என்று இப்ராஹிம் சொல்லும்வரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கடிகாரம் எங்கே இருந்தாலும் கடிகாரம்தானே என்று இருந்துவிட்டாள். தங்கச்சி விசாரித்துத்தான் எழுதியிருப்பாள் என்று அவனும் நம்பியிருப்பான்.

எடுத்தாள்.

"ஏட்டி செல்லக்கிளி! பத்து அடிச்சதும் போட்டுட்டேன், பாத்தியா? எல்லாரும் வந்துட்டாவளா?"

வாசலில் நாலைந்து வெற்றிலையும் ஒரு தேங்காய்ச் சில்லும் கிடந்தன. போனை உள்ளே எடுத்துவிட்ட வெறும் நாற்காலியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டாவண்ணே."

அவள் சொன்னது அங்கே போய்ச் சேர ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"போன எம்மருமவன் பக்கத்துல வையி. நா இங்கன தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். மடியில புதுத் துண்டு விரிச்சிருக்கு. பின்னால நிக்கவனுவ சிரிக்கானுவ, சிரிச்சிட்டுப் போறானுவ. ம், குத்தச் சொல்லு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்ல?

"ஆசாரி ஊசிய எடுத்துட்டாருண்ணே" என்றாள்.

ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். முந்தானையை வாயோடு சேர்த்துப் பொத்தி, பிள்ளைக் குரலில் மெலிசாக, வீறிட்டு அழுதாள்.

முதல் அழுகை வேசம்தான். இரண்டாவது அவள் பேச்சைக் கேட்கவில்லை. காலையிலிருந்து தொண்டைக்குக் கீழே தள்ளித் தள்ளி வைத்தது மொத்தமும் மடை உடைத்த மாதிரி வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருவழியாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குத்தியாச்சுண்ணே" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள் அழுதது மட்டும் கொஞ்சம் பிந்தி, தேய்ந்துபோய், அவள் காதுக்கே திரும்பி வந்து அடங்கியது.

லைன் போய்விட்டது என்று நினைத்தாள்.

"ஏட்டி" என்றான் மாரிக்கண்ணு. குரல் இறங்கியிருந்தது. "மருமவன் சத்தத்த நா கேட்டதில்ல. ஒஞ் சத்தம் எனக்குத் தெரியாதா?"



என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. பின்னால் யாரோ புரியாத பாசையில் சத்தம் போடுவது கேட்டது.

"ஒரு காதுதான ஆச்சு" என்றான். "இன்னொண்ணு இருக்குல்லா. நா எந்திரிக்கல. அழு, பிள்ள."