முதுகு படாத கட்டில்

தபாற்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கை முனையில் தேய்ந்து மறைந்த கையோடு ஞானாம்பிகை அலுமாரியைத் திறந்தாள்.

முதலில் சிவப்புத் திரைச்சீலைகள் வெளியே வந்தன. பூச்சி உருண்டை மணம் மூக்கைப் பிடுங்கியது. அவள் தன் கையாலேயே தைத்தவை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளாவது யன்னலைக் கண்டவையல்ல. பிறகு பூவேலை செய்த தலையணையுறைகள். அவற்றுக்கும் அடியில், பெரியப்பாவின் மகன் தேவராசா அண்ணை கொழும்பிலிருந்து வாங்கி வந்த கம்பளிப் போர்வை.

கார்த்திகை பிறந்து ஏழு நாள். பருத்தித்துறைக் கடலைத் தாண்டி வாடைக்காற்று ஊருக்குள் வந்துவிட்டது. பொல்லாத காற்று அது. ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் தேடிப் பிடித்து உள்ளே வந்து எலும்போடு கதைக்கும்.

வீட்டில் நல்ல அறை ஒன்றுதான். அதன் யன்னலோரத்தில் முதிரை மரக் கட்டில். வீடும் கட்டிலும் அவளுக்குச் சீதனமென்று அப்பா செய்து வைத்தவை.

"மாப்பிள்ளை வந்து படுக்கிற கட்டில். அதுக்கு முன்னம் ஒருத்தரும் முதுகு வைக்கப்படாது" என்று அம்மா அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

போட்ட சட்டத்தை அவளும் மீறவில்லை. நெஞ்சுச்சளி இழுத்துக் கிடந்த மார்கழியில்கூட, கட்டிலில் வந்து படு அம்மா என்று மகள் கெஞ்சக் கெஞ்ச, விறாந்தைப் பாயைவிட்டு எழும்ப மறுத்தாள். பாயிலேயே கண்ணையும் மூடினாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்!

அதன் பிறகும் மாரி தொடங்கமுன் மெத்தையை வெயிலில் போட்டு, தட்டி, திரும்பவும் வெள்ளைச் சீலையால் மூடி வைப்பதுதான் ஞானாம்பிகையின் வழக்கம். பெண் பார்க்க ஆறு பகுதியார் வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள். கட்டிலைத் தட்டிப் பார்த்து நல்ல வைரமான மரம் என்றார்கள். போனார்கள்.

ஏழாவதாகத்தான் தரகர் மார்க்கண்டர் மன்னாரில் கிளாக்கராயிருக்கும் ஒருவரின் சம்பந்தத்தைக் கொண்டு வந்தார். பெண்சாதி தவறியவர். "உனக்கும் நாப்பத்தொரு வயசாச்சு, பிள்ளை. இதுவும் பொருந்தாட்டில் இனி என்னாலை ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அவளுடைய சாதகக் குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். போய் ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் தபாற்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் அவள் வாசலுக்கு ஓடினாள்.

இன்றைக்கு வெள்ளைச் சீலை தோய்த்துக் கொடியில் கிடந்தது.

கட்டிலை யன்னலோரத்திலிருந்து உட்சுவர்ப் பக்கமாக ஒற்றை ஆளாய் இழுத்தாள். பழைய சாக்கைச் சுருட்டிக் கதவடியில் வைத்தாள். திரைச்சீலைகளைக் கொழுவினாள். யன்னற் கதவுகள் இரண்டும் சேராத இடத்தில் மட்டும் காற்று சீழ்க்கை அடித்தது. ஒரு கடதாசியை நாலாய் மடித்து அதற்குள் செருகினாள். சத்தம் நின்றது.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பத்மாசினி வேலியில் கிடந்த ஓட்டைப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தவள், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எடி ஞானம், ஆருக்கடி உந்தச் சோடினை?"

"குளிர் தாங்காத ஒராளுக்கு, அக்கா."

"என்ரை ஆச்சி! மன்னாரார் ஓமெண்டிட்டாரோ? உதைக் காலமையே சொல்லப்படாதோ!"

ஞானாம்பிகை தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். பத்மாசினிக்கு மறுமொழி தேவைப்படவில்லை. மெத்தையை உள்ளங்கையால் அமத்திப் பார்த்தாள், உதிலை படுத்தால் விடிஞ்சாலும் எழும்பமாட்டார் என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு கால் நிலத்தில் பாவாமல் ஓடினாள். இருட்டமுன் ஒழுங்கை முழுக்கக் கதை போய்விடும். போகட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மழை பிடித்துக்கொண்டது.

சாமி படத்துக்கு விளக்கை ஏற்றிவிட்டு ஞானாம்பிகை குசினிக்குப் போனாள். அடுப்படிச் சுவரோடு அவளுடைய பாய் சுருட்டிக் கிடந்தது. பத்தொன்பது மாரியும் அவள் படுத்தது அங்கேதான். அடுப்புச் சூடு ஆறும்வரை நித்திரை. ஆறிய பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு விடியலைப் பார்த்திருப்பது. பாயை எடுத்து விறகுக்கு மேலே போட்டாள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக்கூடாது என்று அம்மா சொல்வாள். அம்மா எத்தனையோதான் சொன்னாள்.

கட்டில் ஒருமுறை முனகியது. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். வெளியே காற்று யன்னலைப் பிடித்து உலுப்பியது. செருகிய கடதாசி அசையவில்லை. திரைச்சீலை விலகிய இடத்தில் அதன் ஒரு மூலை மட்டும் தெரிந்தது, மஞ்சள் தடவிய மூலை. காலையில் தபாலில் திரும்பி வந்த குறிப்பு. கூடவே மார்க்கண்டர் இரண்டு வரி எழுதியிருந்தார். அதை அடுப்புக்குள் போட்டுவிட்டாள். குறிப்பு நல்ல தடித்த கடதாசி, எரிக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். இத்தனை பெரிய கட்டிலில், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு, அவள் ஓரமாகப் படுத்திருந்தாள்.

அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. யாருக்கும் கேட்காதபடி மழை பெய்ததால் வாய்விட்டே அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நடுவுக்கு நகர்ந்து படுத்தாள்.