ஒண்ணு, ரெண்டு, நாலு

இசைக்குழுவை நடத்தும் குச்சி சார் கையைத் தூக்கினார்.

நாற்பத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முன்னால் வயலின்கள், நடுவில் புல்லாங்குழல்கள், பின் வரிசையில் ஊதுகிறவர்கள், எல்லாருக்கும் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் ட்ரம்ஸோடு நான். காதில் ஹெட்போன். ஏசி ஓடியும் முதுகெல்லாம் வேர்வை.

என் முதல் ரெக்கார்டிங். இன்றைக்கு ஒழுங்காக வாசித்தால் இந்த ஸ்டுடியோவில் நிரந்தர இடம். சொதப்பினால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகலாம். மேனேஜர் காலையிலேயே டீயைக் கையில் கொடுத்து, சிரித்த முகத்தோடு இதைச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

டமார்.

நான்தான். குச்சி சார் நாலு சொல்வதற்குள் சிம்பலில் ஒரு போடு.

அதே நொடியில் பின் வரிசை மூலையிலிருந்து ஒரு ட்ராம்போனும் "பாஆம்" என்று கத்தியது. அதுவும் ஒரு தட்டு முன்னால். மற்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க, போட்டோ எடுக்கும் முன்பே சிரித்துவிட்ட ரெண்டு மாமாக்கள் மாதிரி நாங்கள் மட்டும்.

எட்டிப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். வழுக்கைத் தலை, என் அப்பா வயசு, முன்பின் பார்த்ததே இல்லை.

அவர் புருவம் மெதுவாக மேலே போனது. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: "அக்கா பேண்டா?"

தலையை ஆட்டினேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ட்ராம்போனின் நீளக் குழாய் முன்னால் சரிந்து, புல்லாங்குழல்காரரின் முதுகில் இடித்தது.

அக்கா எங்கள் பேண்டின் தலைவி. கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, ஆபீஸ் ஆண்டு விழா, எதுவானாலும் இருபத்து நாலு வருஷமாக அக்கார்டியனை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பவர். காய்ச்சலோடு வாசித்திருக்கிறார், கரண்ட் போன ஹாலில் வாசித்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு மாசம் மட்டும் வாசிக்கவில்லையாம்.

பாட்டைத் தொடங்க அக்கா எண்ணுவது இப்படி: ஒண்ணு, ரெண்டு, நாலு.

அவ்வளவுதான். மூணு கிடையாது. நாலு சொன்ன அடுத்த தட்டில் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். ஆறு மாசத்துக்கு முன்பு நான் சேர்ந்த அன்றைக்கு வராமல் முழித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"என் பொண்ணோட கணக்குடா அது" என்றார் அக்கா. "ஸ்பீக்கர் பெட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு, கையில ஒரு ஸ்பூன வச்சுக்கிட்டு எண்ணுவா. மூணுன்னு ஒண்ணு இருக்குன்னா ஒத்துக்கவே மாட்டா. அவகூட யாரு மல்லுக்கட்டறது? நாங்கதான் மாறிக்கிட்டோம்."

"கணக்கு டீச்சர் ஆகிட்டா என்னக்கா பண்றது?" என்றேன்.

"படிக்கிற பசங்க கதி அதோகதிதான்" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஒரே வாரத்தில் அந்தக் கணக்கு என் கையில் ஏறிவிட்டது. இந்த ஸ்டுடியோவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது, அக்காதான் என் குச்சிகளைத் துடைத்துப் பையில் வைத்தார். "நான் ஆசப்பட்டு ஆசப்பட்டு நுழைய முடியாத எடம்டா. எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

இப்போது அங்கே உட்கார்ந்துதான் மானத்தை வாங்கியிருக்கிறேன்.

குச்சி சார் குச்சியைக் கீழே வைத்தார். "யாருப்பா அந்த ரெண்டு பேரு?"

கையைத் தூக்கினோம்.

"தம்பி மேல தப்பில்ல சார்" என்றார் ட்ராம்போன் அண்ணன். "ரெண்டு பேரும் ஒரே எடத்துல கெட்டுப்போனவங்க. நான் அங்கேர்ந்து வந்து ஒம்பது வருஷம் ஆச்சு. பழைய பழக்கம் எப்பவாச்சும் இப்படி எட்டிப் பாத்துட்டுப் போகும்."

"நல்ல வியாதிய்யா" என்று குச்சி சாரே சிரித்துவிட்டார்.

அடுத்த டேக்கில் மூணு வரும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடி கத்தி மாதிரி விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கட்டை விரலைக் காட்டினார்.

இடைவேளையில் ட்ராம்போன் அண்ணன் என் தோளில் கை போட்டு வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "வா, அக்காவுக்குப் போன் போடணும். வேற எடத்துல இப்படி உளறினா ஒடனே சொல்லியாகணும். நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க."

"பொண்ணுகிட்டயும் சொல்லச் சொல்லலாம்ணே. சந்தோஷப்படும்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அக்கா வாசிக்காத அந்த ஒரு மாசம் எதுக்குன்னு நெனச்ச? அந்தப் பொண்ணுக்கு நாலு வயசு, தம்பி. காய்ச்சல்ல போயிடுச்சு."

அதற்குள் அக்கா போனை எடுத்துவிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு நடந்ததையெல்லாம் சொன்னார். என் டமார், அவர் பாஆம், இடி வாங்கிய புல்லாங்குழல், எதையும் விடவில்லை.

"அந்தப் பெரிய ஸ்டுடியோவுலயா?" என்றார் அக்கா. "அத்தன வயலின் நடுவுலயா?"

"ஆமாக்கா."

அக்காவின் அந்தச் சிரிப்பு, வராந்தா முழுக்க.

"இருவத்து நாலு வருஷமா நான் அந்த வாசலத் தாண்டினதில்லடா. அடிப்பாவி, எனக்கு முன்னாடி உள்ள போயிட்டாளா?"