நேராக நின்றவன்

பழைய சாமான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், அந்த லென்சைச் சாக்கில் சுற்றி, கேமரா ரிப்பேர் கடைக்குத் தூக்கிவந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம், முதுகு விட்டுப்போகிற கனம். எங்கே செய்தது என்று ஒரு எழுத்தும் அதில் இல்லை.

“வாசலைப் பார்க்கப் பிடிப்பா. படம் எவ்வளவு தூரத்துல விழுதுன்னு பார்த்தா, எதுல மாட்டியிருந்ததுன்னு சொல்லிடலாம்.” கடைக்காரர் பின்னால் வெள்ளைத்தாளோடு நின்றார்.

தாளில் தெரு விழுந்தது. விளக்குக் கம்பம், சைக்கிள், எதிர்வீட்டு மாடி எல்லாமே தலைகீழ்.

“லென்ஸ்னா அப்படித்தான் காட்டும்.”

“அப்ப அவன் மட்டும் ஏண்ணே நேரா நிக்கிறான்?”

தாளில், கம்பத்தடியில் ஒரு ஆள் நின்றான். கடைக்காரர் அவசரமாகத் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.

“தாளைத் திருப்பினா படம் திரும்புமாண்ணே?”

திரும்பவில்லை. மூட்டைக்காரர் தெருவை எட்டிப் பார்த்தார். கம்பத்தடியில் யாரும் இல்லை. தாளில் இருந்தான், காணாமல்போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு. வெள்ளத்தில் போய், உடம்புகூடக் கிடைக்காத சொந்தத் தம்பியை அவருக்கு அடையாளம் தெரியாதா?

“கீழ வைப்பா. இந்தக் கனத்தைக் கை தாங்காது.”

“மூட்டை சுமந்த கைண்ணே, தாங்கும். வச்சா அவன் போயிடுவான்.”

தாளில் தம்பி நடந்துவந்தான். வாசலில் நின்று, எப்போதும்போல ஒரு காலால் மறுகால் செருப்பைத் தள்ளிக் கழற்றினான். கடைக்காரர் கையிலிருந்து தாள் நழுவி விழுந்தது.

மூட்டைக்காரர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. படியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.