கம்பைலர் கடைசியாகத் தேடிய இடம்

பதினொரு நாளாக அவளுடைய புரோகிராம் கம்பைல் ஆகவில்லை; அதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் பிழை காட்டியே நின்றது. அது கேட்ட, அக்கா எழுதிய ஹெடர் என்ற துணைக் கோப்பு அக்காவின் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. விபத்தில் லேப்டாப் நொறுங்கிப்போனது. அக்கா மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தாள்.

இன்று காலை பிழை எதுவும் வரவில்லை. கோப்பை எங்கெல்லாம் தேடினாய் என்று ஒரு கட்டளை தட்டிக் கம்பைலரையே கேட்டாள். முதலில் புரோகிராம் இருக்கும் போல்டர், பிறகு சிஸ்டத்தின் பொது போல்டர்கள் என்று வழக்கமான வரிசைதான். கடைசியில், அந்தக் கணினியிலேயே இல்லாத அக்காவின் போல்டர். கோப்பு அங்கே கிடைத்திருந்தது. அதன் முதல் வரியில் இன்றைய தேதியிட்ட குறிப்பு: "எருமை, சாப்பிட்டியா?"

மருத்துவமனையில் இருந்த அத்தானுக்குப் போன் செய்தாள்.

"விடிஞ்சதிலேர்ந்து அவ விரல் ஆடிக்கிட்டே இருந்துச்சும்மா, டைப் அடிக்கிற மாதிரி."

"இப்ப?"

"கண்ணு முழிச்சிட்டா."