சிறுத்துப்போன பிளவுஸ்

போன கோடையில் சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் கொட்டிக் கொட்டி, கடைசியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தவள் ஷாரன். இந்த மே மாதமும் காட்டுப்பாக்கம் வெயிலில் அவளுக்குப் பசியே எடுக்கவில்லை. ஆனாலும் டாக்டர் சொன்னபடி, போனில் அலாரம் அடித்தபோதெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த பட்டு பிளவுஸ் திங்கட்கிழமை அவளுக்குச் சரியாக இருந்தது. புதன்கிழமை கொக்கி எட்டவில்லை. டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். அவள் அளவு மாறவில்லை. பிளவுஸ்தான் இரண்டு அங்குலம் சிறுத்திருந்தது. அதை யாரும் துவைக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை அதற்குள் கையே நுழையவில்லை.

"நீ ஊதிகினே போனா பிளவுஸ் இன்னா பண்ணும்?" என்றாள், கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த ஜெசிந்தா அத்தை. "கல்யாணம் வரைக்கும் ராத்திரி சோத்த நிறுத்து."

ஷாரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வருஷம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்த நாட்களில், "இப்பதான் அழகா கீற" என்று சொன்னதும் இதே அத்தைதான்.

"நான் சாவக் கெடந்தப்ப அழகுன்னு சொன்ன வாய்தானே இது? ஒரு துணிக்காக நான் பட்டினி கெடக்கணுமா? நீயே போட்டுக்க அத்தே!"

பிளவுஸைச் சுருட்டி அத்தையின் மடியில் எறிந்தாள். சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, அத்தைக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அத்தை குனிந்து பார்த்தாள். மடியில் விழுந்த பிளவுஸ் இப்போது உள்ளங்கை அளவுதான் இருந்தது. கொக்கிகள் எல்லாம் மாட்டியிருந்தன. உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல அதன் மார்புப் பகுதி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.