மறுபடியும் நின்னு போச்சு

“மறுபடியும் செத்துப் போச்சு. உடனே வர்றீங்களா?”

போனில் அவள் குரலைக் கேட்டதும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் கடைக்குள்ளேயே ஒரு குத்தாட்டம் போட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடடா, அப்படியா? இதோ வர்றேங்க” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னான்.

அவனுக்கு என்ன துக்கம்? கோளாறை வைத்ததே அவன்தானே!

அவள் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள். முதல் தடவை அவள் கம்ப்யூட்டரை அவன் நிஜமாகத்தான் பழுது பார்த்தான். அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் மதர்போர்டில், கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பயாஸ் புரோகிராமைப் புதுசாக ஏற்றுகிறேன் பேர்வழி என்று உட்காருவான். கிளம்புகிற சமயத்தில், அதன் செட்டிங்கில் மெமரியின் வேகத்தை அது தாங்காத அளவுக்கு ஒரு படி தூக்கி வைத்துவிட்டு வருவான். பெட்டி நாலு நாளில் மூச்சுத் திணறி நின்றுவிடும், இவனுக்கு போன் வரும். காசு மட்டும் வாங்க மாட்டான். திருடனுக்கும் மனசாட்சி உண்டல்லவா?

அவளிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒவ்வொரு தடவையும் தொண்டை வரைக்கும் வரும். வாயைத் திறந்தால், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க” என்றுதான் வெளியே விழும்.

இன்றைக்கு வாசலிலேயே அவள் அப்பா மறித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

“தம்பி, ஒரே வண்டியை எத்தனை தடவைதான் ஷெட்டுக்கு விடறது? இன்னிக்கு ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடப் போறேன். மூணு வருஷம் வாரண்டியாம். கம்பெனி ஆளே வீட்டுக்கு வந்து பார்ப்பானாம்.”

கம்பெனி ஆளா? அவன் பார்க்க எப்படி இருப்பானோ! பெட்டி ஓடாவிட்டால் புதுசு வந்துவிடும். ஒழுங்காக ஓடிவிட்டாலோ, இவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? ரிப்பேர்க்காரன் இருதலைக் கொள்ளி எறும்பாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“நிஜமாவே சரியாயிடுமா?” என்று கேட்டாள் அவள். முகம் வாடியிருந்தது.

பாவம், வேலை கெடுகிறதே என்ற கவலை. அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுடைய திருட்டுத்தனமெல்லாம் கரைந்துவிட்டது. நடப்பது நடக்கட்டும், இன்றைக்கு ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்று முடிவு கட்டினான்.

பயாஸைத் திறந்தான். திரையில் பதினைந்தாம் பதிப்பு என்று இருந்தது. போன தடவை, தான் ஏற்றியது பதினாலு என்றல்லவா ஞாபகம்? ‘காதல் வந்தால் கணக்கு மறக்கும்’ என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டு, பதினாறை ஏற்ற ஆரம்பித்தான். புதுசு ஏறினால் பழைய செட்டிங் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். அதோடு அவன் செய்த பாவமும் போய்விடும்.

“ஏறி முடியற வரைக்கும் கரண்ட் போகக்கூடாது சார். போச்சுன்னா மதர்போர்டே போச்சு.”

அவ்வளவுதான். அப்பா சுவிட்ச் போர்டுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். “ஏய், மிக்ஸியைத் தொட்டுடாதே!” என்று சமையலறையைப் பார்த்து ஒரு அதட்டல் வேறு.

“தும்மலாமா தம்பி?” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“தும்மலாம்மா. மிக்ஸிதான் வேணாம்.”

திரையில் கோடு நத்தை மாதிரி நகர்ந்து ஒருவழியாக முடிந்தது. பெட்டி தானாக அணைந்து தானாக எழுந்தது. அப்பா கைதட்டினார். அவள் ஒரு படத்தைத் திறந்தாள்.

திரை நீலமாகி, அப்படியே நின்றுவிட்டது.

அவன் திரையையே முறைத்தான். தான் வைத்த கோளாறுதான் போய்விட்டதே, இது எங்கிருந்து முளைத்தது?

“இரும்புக் கடைக்காரருக்கு போன் போடட்டுமா?” என்றார் அப்பா.

அவசர அவசரமாகப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு மெமரி அட்டை, கொக்கி விலகி, ஒரு பக்கமாகக் கிளம்பி நின்றது. அழுத்தினான். ‘க்ளிக்’. அதற்கப்புறம் பெட்டி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பத்துப் படங்களை ஒன்றாகத் திறந்தும் அசரவில்லை.

“இனிமே நிக்காது சார்” என்றான். மூடியை மெதுவாகத் திரும்ப மாட்டினான்.

“அப்பாடா! இனிமே உங்களுக்கும் அலைச்சல் இல்லை தம்பி” என்று அப்பா அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டு அவனுக்கு இடி மாதிரி இறங்கியது.

வாசல் வரைக்கும் அவள் கூடவே வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

“நடுவுல வேற யாராவது வந்து பெட்டியைப் பார்த்தாங்களா? அந்தப் பதினைஞ்சை நான் போட்ட ஞாபகமே இல்லை. மெமரியும் தானா கழண்டுக்காது.”

“யாரும் வரலையே.”

உள்ளே, தடை நீங்கிய சந்தோஷத்தில் மிக்ஸி அலற ஆரம்பித்தது. அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் அவன் காதருகே வந்தாள்.

“நீங்க வச்ச கோளாறை எல்லாம் அன்னன்னிக்கே எடுத்துட்டேன். உங்களைக் கூப்பிட்டதெல்லாம் நான் வச்ச கோளாறுக்குத்தான்!”